வேலை நாட்களுக்கான உலர் உணவு: ஒரு வல்வெட்டித்துறைக் குசினியில் கற்ற பாடம்

(உயர்தரம், கலைப் பிரிவு)

கடந்த நோன்பு காலத்தில் ஒரு நாள் ஸஹர் உணவுக்கு நான்தான் பொறுப்பு. உம்மா தையல் வேலைக்குப் போய்விட்டு இரவு களைத்து வந்து படுப்பவர். எனக்கோ உயர்தரப் பரீட்சைக்குரிய படிப்பு. அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து அரிசி ஊறவைத்து, இடித்து, வறுத்து, அவித்துப் பிட்டுச் செய்ய யாருக்கும் நேரமில்லை. ஆகவே ஒரு கிழமைக்கு முன்பே ஒரு கிலோ சிவப்புப் பச்சையரிசியை மாவாக்கி வறுத்து, பிளாஸ்டிக் பேணியில் நிரப்பி இறுக மூடி வைத்தேன். "இனி ஸஹருக்குப் பிட்டு இருபது நிமிடத்தில் தயார்" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வைத்தேன்.

அன்று அதிகாலை பேணியைத் திறந்தபோது மாவு கட்டிபட்டிருந்தது. ஈரச்சாக்கு மணம் வந்தது. மூடியின் உட்பக்கத்திலும் மாவின் மேற்பரப்பிலும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நேரமோ நாலு மணியைத் தாண்டிவிட்டது. அன்றைய ஸஹர் பேரீச்சம்பழமும் பிளேன்டீயும் தண்ணீருமாக முடிந்தது. யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. தம்பி மட்டும் பேணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நேரமில்லாத நாட்களுக்காக நேரமுள்ள நாளில் உணவைத் தயாரித்து வைப்பது நம் வீடுகளுக்குப் புதிய விடயமல்ல. ஆனால் அது ஏன் கெடாமல் இருக்கிறது என்பதை அறியாமல் செய்தால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும். நான் மனைப்பொருளியல் பாடத்தில் படித்ததையும், எங்கள் அயலில் கற்றதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

சூடு ஆற முதல் மூடிய பேணி

நாங்கள் இருப்பது வல்வெட்டித்துறையில். வாப்பா இங்கே சிறிய உடுப்புக்கடை நடத்துகிறார். நான் பிறந்தது புத்தளத்தில். மீளத் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கல்லூரிக்கு யாழ்ப்பாணம் போக ஒரு மணி நேரத்துக்கும் மேல் பஸ்ஸில் இருக்க வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் வீட்டை விட்டு இறங்கிவிடுவேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர். கெட்டுப்போன மாவைப் பற்றி அவரிடம் சொன்னபோது அவர் என்ன அரிசி என்றோ, எவ்வளவு நேரம் வறுத்தாய் என்றோ கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சூடு ஆற முதல் மூடிட்டியோ பிள்ளை?"

ஆம், மூடிவிட்டேன். அன்று ரியூசனுக்கு நேரமாகிவிட்டது என்று, வறுத்த மாவைச் சுடச்சுடப் பேணியில் கொட்டி மூடியை இறுக்கிவிட்டு ஓடினேன். சூடான மாவிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த மூடியில் பட்டுத் துளியாகி, மீண்டும் மாவிலேயே விழுந்திருக்கிறது. இதை நீங்களும் பார்க்கலாம். வறுத்த மாவில் ஒரு கைப்பிடியைச் சூட்டோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். போத்தலின் உட்பக்கம் புகார் படிந்ததுபோல மங்கும். வறுத்து வெளியேற்றிய ஈரத்தை நாமே திரும்பவும் உள்ளே அடைத்துவிடுகிறோம்.

அந்த மாவை மறுபடியும் வெயிலில் காயவைத்து வறுத்துப் பயன்படுத்தலாம் என்று நான் நினைத்தேன். ஒரு கிலோ அரிசியை வீசுவது வீண்விரயம் அல்லவா? ஆச்சி கூடாது என்றார். பாடப்புத்தகமும் அதையே சொல்கிறது. சிலவகைப் பூஞ்சணங்கள் நச்சுப் பொருட்களை உண்டாக்குகின்றன. நிலக்கடலை, சோளம், மிளகாய் போன்றவற்றில் வளரக்கூடிய அஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் அவற்றில் ஒன்று. அது ஈரலைப் பாதிக்கும். சாதாரண சமையல் சூட்டில் அது முற்றாக அழிவதில்லை. பூஞ்சணத்தைச் சுரண்டி எடுத்தாலும், வெயிலில் வைத்தாலும் நஞ்சு மிஞ்சியிருக்கலாம். எனவே பூஞ்சணம் பிடித்த மாவைக் கோழிக்கும் போடாமல் புதைத்துவிட வேண்டும். நான் அப்படியே செய்தேன். மனம் வலிக்கத்தான் செய்தது.

கப்பல் ஊரின் உணவு

ஆச்சி அந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. வல்வெட்டித்துறை பாய்க்கப்பல்களின் ஊர். வடமராட்சிக் கரையில் இருக்கும் இந்தச் சிறிய ஊரில் பெரிய பாய்க்கப்பல்களைக் கட்டினார்கள். தென்னிந்தியத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்கும் அவை வாணிபத்துக்காகச் சென்று வந்தன. இங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். இவ்வூர் மாலுமிகள் அதைச் சூயஸ் கால்வாய் வழியாகவும் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தும் ஓட்டிச் சென்று, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஊரில் இன்றும் பெருமையோடு பேசப்படும் பயணம் அது.

பாய்க்கப்பலுக்கு இயந்திரம் இல்லை. காற்று வந்தால்தான் ஓட்டம். பத்து நாள் என்று புறப்பட்டது இருபது நாளாகலாம். குடிதண்ணீரும் விறகும் அளவோடுதான் இருக்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் அடுப்பு மூட்டவே முடியாது. ஆகவே கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் பெண்கள் செய்து கொடுத்த உணவு மூன்று சோதனைகளில் தேற வேண்டியிருந்தது. நாட்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். குறைந்த தண்ணீரில், குறைந்த நெருப்பில் ஆக வேண்டும். நெருப்பே இல்லாவிட்டாலும் அப்படியே தின்னக் கூடியதாய்ச் சிலதாவது இருக்க வேண்டும்.

ஆச்சியின் தாயார் கட்டிக் கொடுத்த சாமான்களை அவர் இன்னும் விரல்விட்டு எண்ணுவார். வறுத்த அரிசிமா, புழுக்கொடியல், ஒடியல், பனங்கட்டி, பினாட்டு, கருவாடு, ஊறுகாய், பயத்தம் உருண்டை. இவற்றில் பாதி பனையிலிருந்து வருபவை. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கலாம். ஆனால் அதில் கசப்பு இருப்பதால் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்த பின்பே கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்பார்கள். புழுக்கொடியலுக்கு அடுப்பே தேவையில்லை. பல் இருந்தால் போதும். பனம்பழச் சாற்றைப் பாயில் பூசிப் பூசி வெயிலில் காயவைத்தால் பினாட்டு. சாற்றில் நீர் போய்ச் சீனி மிஞ்சுவதால் அது மாதக்கணக்கில் இருக்கிறது.

நமக்கு இன்று கப்பல் இல்லை. ஆனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் காலையும், பரீட்சைக் காலமும், நோன்பு கால அதிகாலையும் அந்த மூன்று சோதனைகளையே நமக்கும் வைக்கின்றன. 2022ஆம் ஆண்டு மின்சாரம் நாளொன்றுக்குப் பல மணி நேரம் துண்டிக்கப்பட்டதும், கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிரிட்ஜை மட்டும் நம்பிய வீடுகளில் உணவு பழுதாயிற்று. அலுமாரியில் வறுத்த மா வைத்திருந்த வீடுகளில் பிட்டு அவிந்தது.

உணவு ஏன் கெடுகிறது?

உணவைக் கெடுக்கும் பக்டீரியாவுக்கும் மதுவத்துக்கும் பூஞ்சணத்துக்கும் வாழ நீர் வேண்டும். உணவில் உள்ள நீர் முழுவதும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. உப்பும் சீனியும் நீரைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன. மிஞ்சியிருந்து நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கக் கூடிய நீரின் அளவை உணவு விஞ்ஞானத்தில் நீர்ச் செயற்பாடு என்கிறார்கள். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பக்டீரியாக்கள் 0.9க்குக் கீழே பெருகுவதில்லை. பூஞ்சணங்கள் அதைவிடக் குறைந்த ஈரத்திலும் வளரும். 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருக முடியாது. நன்றாக வறுத்த மாவும் நன்றாகக் காய்ந்த பருப்பும் இந்த எல்லைக்குக் கீழே உள்ளவை.

இதனால்தான் வெவ்வேறாகத் தோன்றும் பழைய முறைகள் எல்லாம் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்கின்றன. வெயில் நீரை வெளியேற்றுகிறது. வறுத்தல் நீரை வெளியேற்றுவதோடு வண்டின் முட்டைகளையும் அழிக்கிறது. கருவாட்டில் உப்பும், பினாட்டில் சீனியும் நீரைக் கட்டிப்போடுகின்றன. தேசிக்காய் ஊறுகாயில் உப்போடு புளிப்பும் சேர்ந்து காவல் நிற்கிறது.

ஆனால் நுண்ணுயிர்கள் சாகவில்லை, பட்டினி கிடக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. ஈரக் கரண்டி ஒன்று போதும், அவை மறுபடி விழித்துக்கொள்ள.

சூரா யூஸுபில் வரும் ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. மன்னர் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்ன யூஸுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள், ஏழு ஆண்டுகள் பயிரிட்டு, உண்பதற்கு எடுக்கும் சிறிதளவைத் தவிர மற்றதைக் கதிரிலேயே விட்டு வைக்குமாறு சொன்னார்கள். பின்னர் வரும் ஏழு கடினமான ஆண்டுகளுக்கான ஏற்பாடு அது. கதிரிலும் உமியிலும் இருக்கும் தானியம், உமி நீக்கிய தானியத்தைவிட நீண்ட காலம் இருக்கும் என்பதை நம் விவசாயிகளும் அறிவார்கள். நெல்லாகச் சேமித்து, வேண்டும்போது குற்றுவார்கள். அரிசியைவிட மாவு விரைவில் பழுதாவதும் இதனால்தான். உடைக்க உடைக்கக் காற்றும் ஈரமும் படும் பரப்பு கூடுகிறது. ஆகவே தானியமாக வைக்கக் கூடியதைத் தானியமாகவே வையுங்கள். ஒரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் மாவாக்குங்கள்.

போத்தலில் அடைத்த கறி: ஓர் எச்சரிக்கை

"கறியைக் கொதிக்கக் கொதிக்கப் போத்தலில் ஊற்றி இறுக மூடினால் பிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது ஆபத்தான எண்ணம்.

உணவைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் அவித்துப் பாதுகாக்கும் முறையைப் பிரான்ஸ் நாட்டு நிக்கொலாஸ் அப்பேர் கண்டறிந்து 1810இல் நூலாக வெளியிட்டார். படைகளுக்கும் கப்பல்களுக்கும் உணவு வேண்டியிருந்த காலம் அது. உணவு ஏன் கெடாமல் இருந்தது என்பது அவருக்கே தெரியாது. லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களைப் பற்றி விளக்கியது அதற்குச் சுமார் ஐம்பது ஆண்டுகளின் பின்பு.

மண்ணில் வாழும் குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்திகள் 100 பாகை செல்சியஸ் கொதிநீரிலும் உயிர் தப்பும். காற்றில்லாத, புளிப்புக் குறைந்த, ஈரமான இடம் அவற்றுக்கு ஏற்றது. இறுக மூடிய போத்தலில் இருக்கும் மீன் கறியும் இறைச்சிக் கறியும் அப்படிப்பட்ட இடந்தான். அங்கே அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்து உயிரையும் பறிக்கும். மணத்திலோ சுவையிலோ எப்போதும் கண்டுபிடிக்கவும் முடியாது. தொழிற்சாலைகளில் தகரப் பேணி மீனை உயர் அமுக்கத்தில் 121 பாகை அளவில் சூடாக்குவது இந்த வித்திகளை அழிக்கத்தான். நம் குசினியில் அதற்கு ஏற்ற கருவியும் அளவும் இல்லை. ஆகவே கறியை மூடி அலுமாரியில் வைக்கும் முயற்சியே வேண்டாம். எண்ணெயில் போட்ட பச்சை உள்ளியையும் அறை வெப்பத்தில் வைக்கக் கூடாது.

வீட்டில் நாம் நம்பக் கூடியது உலர்த்தும் வழியே. இனி, நாங்கள் இப்போது செய்து வைக்கும் நான்கு உணவுகள்.

1. வறுத்த அரிசிமா

ஒரு கிலோ சிவப்புப் பச்சையரிசியைக் கழுவி நாலு மணி நேரம் ஊறவிடுங்கள். நீரை முழுதாக வடித்து, துணியில் பரப்பி அரை மணி நேரம் நிழலில் விடுங்கள். இடித்தோ அரைத்தோ அரிதட்டில் அரியுங்கள். அகலமான தாச்சியில் இரண்டு பங்காகப் பிரித்து, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் ஆவி எழும். மாவு கனமாகக் கட்டிபடும். பிறகு மணல்போல இலேசாக ஓடத் தொடங்கும். ஒரு சிட்டிகை எடுத்துக் கோடு இழுத்தால் உடையாமல் விழ வேண்டும். உலர்ந்த எவர்சில்வர் மூடியை மேலே பிடித்தால் அதில் ஈரம் படியக் கூடாது. இந்த இரண்டும் சரியானால் இறக்கலாம்.

உடனே சுளகில் மெல்லிதாகப் பரப்பி, வெள்ளைத் துணியால் மூடி, குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். புறங்கையை மாவின் நடுவில் வைத்தால் சிறு சூடும் தெரியக் கூடாது. மறுபடி ஒரு தரம் அரித்து, வெயிலில் காய்ந்த போத்தலில் நிரப்புங்கள். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் இது போதும். கொதிநீர் விட்டுக் குழைத்து நீத்துப்பெட்டியில் வைத்தால் பள்ளிக்கூட நாளிலும் காலைச் சாப்பாடு ஆகிவிடும்.

2. சத்துமா

சிவப்பரிசி 250 கிராம், குரக்கன் 250 கிராம், பயறு 100 கிராம், உளுந்து 50 கிராம், கடலை 100 கிராம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் குரக்கன் கருகும்போது கடலை பச்சையாக இருக்கும். எல்லாம் ஆறிய பின் திரித்து அரியுங்கள். சீனியைச் சேமிக்கும்போது சேர்க்க வேண்டாம், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தேங்காய்ப்பூவும் வேண்டாம், அதன் ஈரமும் எண்ணெயும் மாவைக் காறச் செய்துவிடும்.

சாப்பிடும்போது நாலு மேசைக்கரண்டி மாவில் பனங்கட்டியைச் சீவிப் போட்டு, கொதிநீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடிக்கலாம். அந்த வேளை துருவிய தேங்காய் சேர்த்தால் சுவை. ஆனால் தேங்காய் சேர்ந்த உருண்டை அன்றைக்கே முடிய வேண்டும்.

3. நோன்புக் கஞ்சிப் பொதி

நோன்பு வருமுன் ஒரு நாள் குடும்பமாக இருந்து முப்பது பொதி கட்டலாம். ஒரு பொதிக்குப் பச்சையரிசி ஒரு கப், வறுத்த பயற்றம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி. அரிசியையும் தாச்சியில் இலேசாகச் சூடேற்றி ஆறவிட்டால் வண்டு விழாது. சிறு கடதாசிப் பொட்டலம் ஒன்றில் வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கறுவாப்பட்டை ஒரு துண்டு, ஏலம் இரண்டு, கராம்பு இரண்டு, நிழலில் சருகாகக் காய்ந்த றம்பை நாலு துண்டு. இந்தப் பொட்டலத்தைத் தனியாகக் கட்டி உள்ளே வையுங்கள். சமைக்கும்போது அரிசியையும் பருப்பையும் கழுவ வேண்டும் அல்லவா? கலந்து வைத்தால் வாசனைச் சாமான்கள் கழுவிய தண்ணீரோடு போய்விடும்.

அசர் தொழுகைக்குப் பின் ஒரு பொதியை உடைத்து, ஆறு கப் தண்ணீரில் குழைய வேகவிட்டு, உப்பு, வெங்காயம், இஞ்சி, உள்ளி சேர்த்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டால் கஞ்சி. இறைச்சி இருந்தால் அன்று வாங்கியதைத் தனியாக வேகவைத்துச் சேர்க்கலாம். ஈரமானவை எல்லாம் அன்றன்றைக்கு, உலர்ந்தவை எல்லாம் பொதிக்குள். இதுவே இந்தப் பொதியின் கணக்கு.

4. மாசிச் சம்பல்

பிட்டும் கஞ்சியும் இருந்தால் தொட்டுக்கொள்ள ஒன்று வேண்டும். இடித்த மாசி 100 கிராம், சின்ன வெங்காயம் 250 கிராம், இடித்த செத்தல் மிளகாய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, சிறிது சீனி. வெங்காயத்தை மெல்லிதாக அரிந்து, தாராளமாக எண்ணெய் விட்டு, பொன்னிறமாக மொறுமொறுக்கும் வரை பொரியுங்கள். வெங்காயத்தில் நீர் மிஞ்சினால் சம்பல் விரைவில் கெடும். பிறகு மாசியையும் மிளகாயையும் சேர்த்து மெல்லிய நெருப்பில் பிரட்டி இறக்குங்கள். இது மற்ற மூன்றையும்போல முழு உலர் உணவல்ல. வெளியே மூன்று நாலு நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம். பிரிட்ஜில் இரண்டு கிழமை வைக்கலாம்.

வைக்கும் முறை

முதலாவது, போத்தல். கண்ணாடிப் போத்தலே நல்லது. கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். மூடியின் புரிக்குள் நிற்கும் ஈரத்தைத்தான் நாம் மறந்துவிடுவோம்.

இரண்டாவது, அளவு. பெரிய பேணி ஒன்றைவிடச் சிறிய போத்தல்கள் நாலு மேல். ஒன்று கெட்டாலும் மூன்று தப்பும். திறக்கும் தரமும் குறையும்.

மூன்றாவது, திகதி. ஒவ்வொரு போத்தலிலும் செய்த நாளை எழுதி ஒட்டுங்கள். முதலில் செய்ததை முதலில் எடுங்கள். எங்கள் வீட்டில் மாவை ஒரு மாதத்துக்குள், கஞ்சிப் பொதியை இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுவோம்.

நான்காவது, இடம். அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டு வசதியாக இருக்கும். ஆனால் பிட்டு அவியும் ஆவி முழுவதும் அங்கேதான் போகும். இருட்டான, குளிர்ச்சியான அலுமாரியே ஏற்றது.

ஐந்தாவது, காலம். நம் பக்கத்தில் ஒக்டோபர் தொடக்கம் மழை. கடற்கரை ஊர்களில் அப்போது உப்பே கசிந்து நீராகும். ஆகவே காயவைக்கும் வேலைகளை மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் செய்ய நேர்ந்தால் ஒரு கிழமைக்கு மட்டும் செய்யுங்கள்.

ஆறாவது, ஐயம். நிறம், மணம், கட்டி என்று எதில் ஐயம் வந்தாலும் ருசி பார்க்க வேண்டாம். எறிந்துவிடுங்கள்.

யாருடைய வேலை?

இதையெல்லாம் உம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு மகள். ஆனா இவ்வளவையும் ஆர் செய்யிற? எனக்குக் கிடைக்கிற ஒரே ஒரு லீவு நாளும் போயிடும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். வேலை நாட்களின் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அந்தச் சுமையை அப்படியே ஒருத்தியின் ஓய்வு நாளில் இறக்கி வைத்தால் அதில் என்ன இலாபம்? வீட்டில் எல்லோரும் சாப்பிடும் மாவை எல்லோரும் சேர்ந்துதான் வறுக்க வேண்டும். இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையை இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். கடையை மூடிவிட்டு வரும் வாப்பா தாச்சியைக் கிளறுகிறார். நான் அரிக்கிறேன். தம்பி திகதி எழுதி ஒட்டுகிறான். உம்மா கதிரையில் இருந்து, "இன்னும் ஆறயில்ல, மூடாதீங்க" என்று சொல்வதோடு சரி.

அப்படி ஒரு மாலையில் ஆச்சியும் வந்து எங்களோடு இருந்தார். அப்போது 1987ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். வடமராட்சியில் அந்த மே மாத இறுதியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது, பிள்ளைகளோடு கோயிலில் தஞ்சம் புகுந்தாராம். கையில் இருந்தது வறுத்த மாவும் பனங்கட்டியும். சுற்றியிருந்த பிள்ளைகளுக்கும் அதையே தண்ணீரில் குழைத்துக் கொடுத்தாராம்.

என் உம்மம்மா அதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது தானும் ஒரு சிறு பேணி மாவோடு வீட்டை விட்டு இறங்கியதைச் சொன்னார். நகையோ பணமோ கொண்டு போக முடியவில்லை. குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்க என்று எடுத்த மாவு மட்டும் வழி நெடுகக் கூட வந்ததாம். அந்தக் குழந்தைதான் என் உம்மா.

இரண்டு முதியவர்களும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி உம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாச்சியிலிருந்த மாவு கருகும் மணம் வந்த பிறகுதான் எங்களுக்கு நினைவு வந்தது.

சகோதரிகளே, வேலை நாட்களில் நேரம் மிச்சமாகும் என்பதற்காகத்தான் நான் இதைக் கற்கத் தொடங்கினேன். அந்த மாலைக்குப் பிறகு, ஒரு போத்தல் மா என்னவெல்லாம் ஆகலாம் என்பதும் விளங்கியது. இனி அப்படியொரு நாள் எந்த வீட்டுக்கும் வராமல் அல்லாஹ் காப்பானாக. வருகிற ஓய்வு நாளில் ஒரு கிலோ அரிசி ஊறவையுங்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ இருக்கும் மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். அவர் கைப்பழக்கத்தைச் சொல்வார். அதன் காரணத்தை நீங்கள் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறிய பின் மூடுங்கள்.